பெயரை நீக்கிவிட்டால் போதுமா? தனிநபர் தரவைப் பொதுவெளியில் வைக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்: ஒரு முழுமையான வழிகாட்டி

2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் வெளியிட்ட கொரோனா செய்திக் குறிப்பைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு அதன் கடைசிப் பக்கங்கள் நினைவிருக்கும். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கீழ் அவருடைய வயது, பால், மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், சேர்க்கப்பட்ட மருத்துவமனை, சேர்ந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றை அச்சிட்டிருப்பார்கள். பெயர் மட்டும் இராது. அந்த வெளிப்படைத்தன்மை பத்திரிகையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவர் இறந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம். அதில் புகைப்படம், பெயர், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், துயரில் வாடும் குடும்பத்தாரின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. செய்திக் குறிப்பையும் சுவரொட்டியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அந்த மனிதருக்குச் சிறுநீரக நோய் இருந்ததா, எத்தனை நாள் மருத்துவமனையில் கிடந்தார் என்பவற்றை அறிய வேறு எந்தத் திறமையும் தேவையில்லை.

பெயர் நீக்கப்பட்ட ஒரு பட்டியல் பாதுகாப்பானதா என்பதை அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு வெளியே என்ன கிடக்கிறது, யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே அது முடிவாகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. மருத்துவ முகாம் நடத்தும் தொண்டு நிறுவனம், கள ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர், திறந்த தரவுத் தளத்துக்குக் கோப்பு அனுப்பும் அலுவலர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எக்செல் தெரிந்தால் போதும்.

படி 1: ஆள்வாரியாக வெளியிடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை ‘வேண்டாம்’ என்பதுதான். ஒன்றியவாரியாக எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்வதே நோக்கமானால் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஓர் அட்டவணை போதும். ஆளுக்கு ஒரு வரி என்று நானூறு வரிகளைத் தர வேண்டியதில்லை. ஆய்வாளர்களுக்கு ஆள்வாரித் தரவு உண்மையிலேயே தேவைப்படுமானால், கேட்பவரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்றுக்கொண்டு அவருக்கு மட்டும் கொடுப்பது, உலகம் முழுவதும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். இதற்குப் பின்னும் பொதுவெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

படி 2: நெடுவரிசைகளைத் தரம் பிரித்தல்

கோப்பில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மூன்றில் ஒரு பெயரை இட வேண்டும். பெயர், செல்போன் எண், ஆதார் எண், குடும்ப அட்டை எண், முகவரி ஆகியவை நேரடி அடையாளங்கள். இவற்றை நீக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நோய், வருமானம், கடன், தேர்வு மதிப்பெண், அரசியல் கருத்து போன்றவை மறைத்துக் காக்க வேண்டிய செய்திகள். இவ்விரண்டுக்கும் நடுவில், தனியாகப் பார்த்தால் அப்பாவியாகத் தோன்றி, இரண்டு மூன்று சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் விவரங்கள் இருக்கின்றன. இவற்றை மறைமுக அடையாளங்கள் என்று அழைக்கலாம். தொல்லை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

இதை உலகுக்கு முதலில் உறைக்கச் செய்தவர் லதான்யா ஸ்வீனி. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டை நிர்வகித்த ஆணையம், ஏறத்தாழ 1,35,000 பேரின் மருத்துவமனை விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தது. அப்போதைய மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு 1996இல் ஒரு பொது நிகழ்ச்சியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்; அது செய்தியாகவும் வந்திருந்தது. எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வசித்தவர் ஒருவரே. மருத்துவப் பட்டியலில் அதே தேதி, பால், அஞ்சல் குறியீடு கொண்ட வரியைத் தேடி எடுத்தால் ஆளுநரின் நோயும் மருந்தும் கைக்கு வந்துவிடும். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை இந்த மூன்று விவரங்களே தனித்துக் காட்டிவிடும் என்று அவர் பின்னர் கணக்கிட்டார். 2006இல் வேறோர் ஆய்வாளர் செய்த மறுகணக்கில் அது 63 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த கணக்கும் ஆறுதல் தரக்கூடியதாக இல்லை.

வெல்டு புகழ்பெற்றவர் என்பதால்தான் அது எளிதாயிற்று என்று விமர்சித்தவர்களும் உண்டு. அந்த வாதம் நகரங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதை டீக்கடை பெஞ்சு அறிந்து வைத்திருக்கும் ஒரு கிராமத்தில் எல்லாருமே ஆளுநர்கள்தாம்.

அமெரிக்கப் பாடத்தை அப்படியே நம் மண்ணில் நட்டுவிடவும் முடியாது. நம்மிடையே வயதானவர்கள் பலருடைய பிறந்த தேதி அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும். வயதைக் கேட்டால் 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். எனவே பிறந்த தேதி அங்கே காட்டிக்கொடுக்கும் அளவுக்கு இங்கே முதியவர்களைக் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பதிலாக நமக்கே உரிய சில விவரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுள் முதன்மையானது சாதி. ஊரில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் உள்ள சமூகத்தின் பெயர் நெடுவரிசையில் இருக்குமானால், அந்த வரியில் பெயர் எழுதியிருப்பதற்கும் எழுதாமல் விட்டதற்கும் வேறுபாடில்லை. அடுத்தது தொழில்: ‘விவசாயக் கூலி’ என்பதில் நூறு பேர் ஒளிந்துகொள்ளலாம், ‘அங்கன்வாடிப் பணியாளர்’ என்பதில் ஒருவரோ இருவரோதான். மூன்றாவது, பெயரை நீக்கிவிட்டு முதலெழுத்தை மட்டும் விட்டுவைக்கும் வழக்கம். நம் முதலெழுத்து தந்தையின் பெயரைச் சுட்டுவது, ‘மு. க.’ என்று இரண்டு எழுத்து இருந்தால் ஊர்க்காரருக்கு அது முழுப் பெயர். மாற்றுத்திறன் வகை, பிள்ளைகளின் எண்ணிக்கை, இரட்டைப் பிள்ளைகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் போன்றவற்றையும் இந்த வகையில் சேர்க்க வேண்டும்.

‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசை இருந்தால் அதைப் படிக்காமல் வெளியிடவே கூடாது. களப்பணியாளர்கள் நல்லெண்ணத்தோடு அதில் எதையும் எழுதிவைப்பார்கள். பெயரெல்லாம் துடைத்து எடுத்த ஒரு கள ஆய்வுக் கோப்பை நான் ஒருமுறை சரிபார்க்க நேர்ந்தபோது, குறிப்பு நெடுவரிசையில் ‘பால் சொசைட்டி செயலாளரின் தங்கை, மறுபடி போகவும்’ என்று இருந்தது.

படி 3: வெளியே கிடப்பதைப் பட்டியலிடுதல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் தரவில் இருப்பவர்களைப் பற்றி உலகில் வேறு எங்கெல்லாம் செய்தி இருக்கிறது என்று எழுதுங்கள். வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடிவாரியாகத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பால் ஆகிய ஐந்தும் அதில் உள்ளன. அஞ்சலிச் சுவரொட்டிகளும் நாளிதழின் இரங்கல் பக்கங்களும் இருக்கின்றன. பிறந்தநாள், மணநாள், மகன் கல்லூரியில் சேர்ந்த நாள், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள் என எல்லாவற்றையும் மக்கள் தாமே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுகிறார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய தரவுத்தொகுப்பு பக்கத்து வீட்டுக்காரர், உடன் பணிபுரிபவர், பங்காளி, பிரிந்துபோன துணை ஆகியோரின் நினைவு. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஊடுருவும் கணினி நிபுணரை நினைத்துப் பயப்படுபவர்கள், உண்மையில் தீங்கு செய்யக்கூடியவர் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி விவரம் தெரிந்த ஆள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பாதி விவரம் எவ்வளவு போதுமானது என்பதைக் காட்டியவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் நாராயணன். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006இல், படங்களைப் பரிந்துரைக்கும் தன் முறையை மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து, ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் அளித்த பத்துக் கோடி மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதியில் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. வயது கிடையாது, ஊர் கிடையாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தெரிந்து, அவற்றில் இரண்டு தவறாகவே இருந்து, தேதிகள் இரண்டு வாரம் முன்பின் இருந்தாலும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நிறுவினார்கள். ஐ.எம்.டி.பி. தளத்தில் சொந்தப் பெயரில் விமர்சனம் எழுதியவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டே சிலரை அடையாளம் கண்டார்கள். ஒருவர் பார்க்கும் படங்களிலிருந்து அவருடைய அரசியல் சார்பையும் பாலியல் நாட்டத்தையும் ஊகிக்க இடமிருப்பதால் 2009இல் வழக்குத் தொடரப்பட்டது. திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டியை நிறுவனம் 2010இல் கைவிட்டது. மறைக்க வேண்டிய செய்தியே மறைமுக அடையாளமாகவும் ஆகிவிடலாம் என்பதால், படி 2இல் செய்த தரம் பிரித்தலை இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

படி 4: எண்களை மறைக்கும்போது செய்யும் தவறு

ஒரே ஆள் பலமுறை வந்து போனதைக் காட்ட வேண்டியிருந்தால் ஏதேனும் ஓர் எண் தேவைப்படும். செல்போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ அப்படியே விட முடியாது என்பதால், அதை ‘ஹாஷ்’ செய்து, முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட புரியாத ஒரு சரமாக மாற்றிவிட்டு நிம்மதியடையும் பழக்கம் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடமே இருக்கிறது. ஹாஷ் என்பது ஒருவழிப் பாதை, சரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்ப முடியாது என்பது உண்மையே. ஆனால் திரும்பவே தேவையில்லை. இருக்கக்கூடிய எல்லா எண்களையும் முன்னோக்கி ஹாஷ் செய்து ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்.

நியூயார்க்கில் நடந்தது இதுவே. 2013ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களின் விவரம் 2014இல் நியூயார்க் மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்டு இணையத்துக்கு வந்தது. ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம், டிப்ஸ் எல்லாம் இருந்தன; டாக்சியின் உரிம எண்ணும் ஓட்டுநரின் உரிம எண்ணும் எம்டி5 என்னும் முறையில் ஹாஷ் செய்யப்பட்டிருந்தன. அந்நகர டாக்சி எண்ணின் ஒரு வடிவம், ஓர் இலக்கம், ஓர் எழுத்து, இரண்டு இலக்கம் என்பது. பத்து, இருபத்தாறு, நூறு ஆகியவற்றைப் பெருக்கினால் 26,000. எல்லா வடிவங்களையும் சேர்த்தாலும் ஏறத்தாழ இரண்டு கோடிதான். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் அவை அனைத்தையும் சில நிமிடங்களில் ஹாஷ் செய்து, கோப்பு முழுவதையும் பழைய எண்களுக்கே மாற்றிக் காட்டினார். அதன்பின், நடிகர்கள் டாக்சியில் ஏறும் படங்கள் இதழ்களில் வந்திருந்ததால், டாக்சி எண்ணையும் நேரத்தையும் வைத்து அவர்கள் எங்கே போனார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பதை வேறொருவர் எடுத்துக் காட்டினார். டிப்ஸ் கொடுக்கவில்லை என்று தோன்றியவர்களுள் சிலர் ரொக்கமாகக் கொடுத்திருக்கலாம். பொதுவெளிக்கு வந்த அரைகுறை விவரம் ஒருவரைத் தவறாகவும் சித்திரிக்கும்.

இதே கணக்கை நம் எண்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய செல்போன் எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. விளையாட்டுக் கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி எம்டி5 கணக்குகளைப் போட்டுவிடும். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம் என்றாலும், முதல் இலக்கம் 0, 1 ஆக இருப்பதில்லை, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். மிஞ்சுவது 8,000 கோடி. இதுவும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடியும் வேலை.

செய்ய வேண்டியது எளிது. பதிவுகளின் வரிசையைக் குலுக்கிக் கலைத்துவிட்டு, 1 முதல் தொடங்கிப் புதிய எண்களைக் கொடுங்கள்; பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்புப் பட்டியலைப் பூட்டிவையுங்கள், தேவையில்லையென்றால் அழித்துவிடுங்கள். குலுக்காமல் எண் கொடுத்தால் பெயர்களின் அகரவரிசையே துப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: எண்ணிப் பார்த்தல்

இப்போது எக்செலுக்கு வருவோம். ஓர் ஒன்றியத்தில் ஆறு ஊர்களில் நடந்த சர்க்கரை நோய் முகாமின் 412 பதிவுகள் கையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஊர், வயது, பால், தொழில் ஆகிய நான்கும் மறைமுக அடையாளங்கள். கோப்பின் ஓரத்தில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, ‘கவுண்ட்இஃப்ஸ்’ சூத்திரத்தால் இந்த நான்கிலும் இந்த வரியைப் போலவே உள்ள வரிகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். 1 என்று வரும் ஒவ்வொரு வரியும், பெயர் இல்லாவிட்டாலும், தனியாக நிற்கும் ஆள். முதல் முறை எண்ணிப் பார்ப்பவர்கள் அதிர்ந்துபோகும் அளவுக்கு 1 நிறைய வரும். ‘67, ஆண், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கால் விரல் அகற்றப்பட்டது’ என்ற வரியை அந்த ஊரில் யாரிடம் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு ஆளும் குறைந்தது இத்தனை பேரோடு ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்ற விதியைத்தான் கே-அனானிமிட்டி என்கிறார்கள். ஸ்வீனியும் பியரங்கெலா சமராட்டியும் 1998இல் முன்வைத்தது. எத்தனை பேர் என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தரவுகளில் 11க்குக் குறைந்த எண்ணிக்கையை அச்சிடுவதில்லை. சிறிய ஊர்களில் நடந்த நோய் முகாமுக்கு நான் ஐந்து பேரோடு திருப்தியடைய மாட்டேன், பத்துப் பேரைக் கேட்பேன். எண்ணிக்கை போதாத இடங்களில் விவரத்தை அகலப்படுத்த வேண்டும்: வயது 67 என்பது 60–69 ஆகலாம், ஊர் என்பது ஒன்றியம் ஆகலாம், தலைமை ஆசிரியர் என்பது ‘அரசுப் பணி, ஓய்வு’ ஆகலாம். அஞ்சல் குறியீடு இருந்தால் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் வைக்கலாம். 600 என்றால் சென்னை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மிக வயதானவர்களைத் தனியே கவனிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவத் தனியுரிமை விதி 89 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் ‘90ம் அதற்கு மேலும்’ என்ற ஒரே கூடையில் போடச் சொல்கிறது, அந்த வயதில் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார் என்பதால். அகலப்படுத்தியும் தனியாகவே நிற்கும் வரிகளை நீக்கிவிட வேண்டும். எத்தனை வரி நீக்கினீர்கள் என்பதைக் கோப்போடு எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ஆய்வாளர்களின் கணக்கு தடம்புரளும்.

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். அறுபதுகளில் உள்ள ‘அரசுப் பணி, ஓய்வு’ ஆண்கள் பத்துப் பேர் இருந்து, அந்தப் பத்துப் பேருக்கும் முடிவு ‘சிறுநீரகப் பாதிப்பு’ என்றே இருந்தால், யார் எந்த வரி என்பது தெரியாமலேயே எல்லாருடைய நோயும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மறைக்க வேண்டிய செய்தி பலவகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குழுக்களைச் சேர்த்துவிடுங்கள்.

படி 6: இடமும் நேரமும் உள்ள தரவு

பேருந்து அட்டை, செல்போன் கோபுரம், உடற்பயிற்சிச் செயலி, உணவு விநியோகம் என்று இடமும் நேரமும் கலந்த தரவுக்கு மேற்சொன்ன அகலப்படுத்தும் வித்தை பெரிதாகப் பலிப்பதில்லை. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தரவை ஆராய்ந்த இவ்-அலெக்சாந்தர் தெ மோன்ஜாய் குழுவினர், ஒருவர் எந்த மணிக்கு எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தார் என்பது நான்கே முறை தெரிந்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காணலாம் என்று 2013இல் எழுதினார்கள். நான்கு முறை என்பது மிகச் சிறிது. காலையில் புறப்படும் வீடும் பகலில் இருக்கும் அலுவலகமும் தெரிந்தாலே பாதித் தூரம் வந்தாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2018இல் ஒரு தரவுப் போட்டிக்காக ஒன்றரைக் கோடி பயண அட்டைகளின் மூன்றாண்டுத் தொடுகைகள், அதாவது பயணத்தின்போது அட்டையை இயந்திரத்தில் தொட்ட பதிவுகள், வெளியிடப்பட்டன. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலில் தங்கள் சொந்த அட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். பிறகு தங்களோடு பயணம் செய்த சக ஊழியரின் அட்டையை. பிறகு, ரயில் ஏறியதைப் பற்றி ட்விட்டரில் எழுதும் வழக்கமுள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அட்டையை. ஒரே ஒரு பயணத்தை ஒன்றாகச் செய்த நண்பரும் உங்களுடைய மற்ற எல்லாப் பயணங்களையும் பார்த்துவிட முடியும் என்பதே இதிலுள்ள அச்சம்.

ஆட்களே இல்லாத வரைபடமும் பேசும். ஸ்ட்ராவா என்னும் ஓட்டப் பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் உலகெங்கும் தன் பயனர்கள் ஓடிய தடங்களை ஒளிக் கோடுகளாக வெளியிட்டது. இருண்ட பாலைவனங்களின் நடுவே தனியாக ஒளிர்ந்த சிறு வட்டங்கள் இராணுவ முகாம்கள் என்பதை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கவனித்துச் சொன்னார்.

ஆகவே இத்தகைய தரவில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துப் பயணங்களைக் கோர்ப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். இந்த நிறுத்தத்திலிருந்து அந்த நிறுத்தத்துக்கு, காலை 8 முதல் 10 மணிக்குள் எத்தனை பேர் என்ற கணக்கு போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் போதும்.

படி 7: மொத்தக் கணக்கிலும் கழித்தல் உண்டு

அட்டவணையாக மட்டும் வெளியிடுபவர்களும் இந்தப் படியை விடக் கூடாது. ஒரு பள்ளியின் 12 ஆசிரியர்களின் சராசரி மாதச் சம்பளம் 41,000 ரூபாய் என்று ஜூனில் வெளியிடுகிறீர்கள். ஜூலையில் புதிதாக ஒருவர் சேர, 13 பேரின் சராசரி 42,000 என்று வெளியிடுகிறீர்கள். பதின்மூன்றை 42,000ஆல் பெருக்கினால் 5,46,000, பன்னிரண்டை 41,000ஆல் பெருக்கினால் 4,92,000, வேறுபாடு 54,000. புதிதாக வந்தவரின் சம்பளம் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சிறிய எண்ணை மறைத்துவிட்டோம் என்று உடுக்குறி (*) போடுவதும் இப்படியே கவிழும். மூன்று தெருக்களில் காசநோய் 29, 14, பிறகு ஓர் உடுக்குறி, மொத்தம் 47 என்று அச்சிட்டால், உடுக்குறிக்குள் இருப்பது 4 என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஒன்றை மறைத்தால் இன்னொன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும், அல்லது மொத்தத்தை எடுத்துவிட வேண்டும்.

அட்டவணைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது இந்தக் கழித்தலைக் கணினி செய்யும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் தானே வெளியிட்ட 2010ஆம் ஆண்டு அட்டவணைகளை எதிரியின் இடத்திலிருந்து தாக்கிப் பார்த்தது. வணிகத் தரவோடு இணைத்தபோது மக்கள்தொகையில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரை உறுதியாக அடையாளம் காண முடிந்தது. அதனால்தான் 2020 கணக்கெடுப்பில் டிஃபரன்ஷியல் பிரைவசி என்ற முறைக்கு மாறினார்கள். சிந்தியா டுவொர்க் உள்ளிட்ட நால்வர் 2006இல் வகுத்த அந்த முறை, எண்களில் அளந்து வைத்த சிறு பிழையைக் கலக்கிறது. ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்படி செய்கிறது. அதற்கு விலையும் உண்டு: நூறு பேர் வாழும் குக்கிராமத்தின் எண்ணிக்கை கலங்கிவிடும் என்பதால் அங்கே எதிர்ப்பு எழுந்தது, அலபாமா மாநிலம் வழக்கே தொடுத்தது. சிறிய நிறுவனங்கள் இதைக் கைவேலையாகச் செய்ய முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்களை ஐந்தின் மடங்காக முழுமையாக்கி, அட்டவணைகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

படி 8: கோப்பைத் திறந்து பார்த்தல்

தரவைச் சுத்தம் செய்துவிட்டுக் கோப்பில் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது. வட அயர்லாந்துக் காவல்துறை 2023 ஆகஸ்ட் மாதம், எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று கேட்ட ஒரு தகவல் உரிமை மனுவுக்கு எக்செல் கோப்பாகப் பதில் அளித்தது. கேட்கப்பட்டவை வெறும் எண்ணிக்கைகள். ஆனால் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாளில் 9,400க்கும் மேற்பட்ட காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. காவல்துறையில் இருப்பதை உறவினருக்கே சொல்லாமல் வாழ்பவர்கள் உள்ள நிலம் அது. 2024இல் 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இதற்கு மருந்து: எக்செல் கோப்பை அப்படியே வெளியிடாதீர்கள். மறைத்த தாள், மறைத்த நெடுவரிசை, கருத்துக் குறிப்புகள், பிவட் டேபிள் தனக்குள் சேமித்துக்கொள்ளும் மூலத் தரவு எல்லாம் அதனுள் ஒட்டிக்கொண்டிருக்கும். சி.எஸ்.வி. வடிவில் சேமித்து, அதை நோட்பேடில் திறந்து, கண்ணால் காண்பது மட்டுமே உள்ளே இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். பி.டி.எஃப். கோப்பில் பெயர்மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பெயர் வந்து விழுந்தால் பட்டை வெறும் அலங்காரம். களப் புகைப்படங்கள் சேர்ந்திருந்தால் அவற்றுள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கும், அவற்றையும் நீக்க வேண்டும்.

படி 9: நீங்களே தாக்குங்கள், பிறகு வெளியிடுங்கள்

தயாரித்தவரே சோதிப்பது பயன் தராது. கோப்பு தயாரிப்பில் பங்கு பெறாத, ஆனால் அந்த ஊரை அறிந்த இருவரிடம், வெளியே போகாது என்ற உறுதியோடு, ஒரு நாள் கொடுத்து, ‘யாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்’ என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியலும் இணையமும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஒரே ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாலும் படி 5க்குத் திரும்ப வேண்டும். சட்டத்தின் பார்வையும் இதற்கு இணங்கவே இருக்கிறது: இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தரவைக் கொண்டு அல்லது அதன் தொடர்பில் அடையாளம் காணத்தக்க மனிதரைப் பற்றியது எதுவும் தனிநபர் தரவே என்கிறது, பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

வெளியிட்ட பின்னர் ஓட்டை தெரியவந்தால் என்ன செய்வது என்பதை வெளியிடுமுன்பே எழுதிவைக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசு 2016 ஆகஸ்டில் ஏறத்தாழ 29 லட்சம் பேரின் மருத்துவக் கட்டண விவரங்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. மருத்துவர்களின் மறைக்கப்பட்ட எண்களை மீட்டெடுக்க முடிகிறது என்று முன்சொன்ன அதே மெல்போர்ன் ஆய்வாளர்கள் அடுத்த மாதமே அரசிடம் தெரிவித்தார்கள். கோப்பு தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் அதை இறக்கியிருந்தார்கள். 2017 டிசம்பரில், பிள்ளை பிறந்த ஆண்டு, அறுவை சிகிச்சை நடந்த தேதி போன்ற பொதுச் செய்திகளைக் கொண்டு நோயாளிகளையே அடையாளம் காணலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 2016இல் முதல் ஓட்டை தெரியவந்தபோது அரசு அளித்த பதில், மறு அடையாளம் காண்பதையே குற்றமாக்கும் ஒரு மசோதா. அது நிறைவேறாமல் காலாவதியாயிற்று. ஓட்டையைக் காட்டுபவரைத் தண்டித்தால் காட்டுபவர்கள் மட்டும் அடங்குவார்கள், பயன்படுத்துபவர்கள் சத்தமில்லாமல் தொடர்வார்கள் என்பதே என் கருத்து.

எனவே கோப்போடு ஒரு மின்னஞ்சல் முகவரியையும், ‘யாரையேனும் அடையாளம் காண முடிந்தால் இங்கே தெரிவியுங்கள், நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டோம்’ என்ற வரியையும் சேர்த்து வெளியிடுங்கள். எந்த நாளில் எந்தப் பதிப்பை வைத்தீர்கள், அதில் எந்தெந்த நெடுவரிசைகள் இருந்தன, எத்தனை முறை இறக்கப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கோப்பைத் திரும்பப் பெற நேர்ந்தால், அதில் இருந்தவர்களிடம் சென்று, ‘உங்களைப் பற்றிய இன்னின்ன விவரம் வெளியே போயிருக்கிறது’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு, படி 4இல் பூட்டிவைத்த தொடர்புப் பட்டியலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.